ஃபோம் போர்டில் ஆர்.சி. டெல்டா ஜெட்: 2 தாளில் 700 மி.மீ. விமானம் கட்டும் முழுமையான வழிகாட்டி

வால் இறக்கை இல்லாத முக்கோண இறக்கையை டெல்டா என்பார்கள். மிராஜ் 2000, தேஜஸ் இரண்டும் இந்தக் குடும்பம்தான். வீட்டில் முதன்முதலாக ஜெட் வடிவம் கட்டுபவருக்கு இதைவிட எளிய வடிவம் கிடையாது. இரண்டே சர்வோ (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) போதும். கிடைமட்ட வாலை ஒட்டும்போது கோணம் தப்புமோ என்ற கவலை இல்லை. இறக்கை ஒரே தட்டு.

இங்கே கட்டப்போவது பின்பக்க ப்ரொப்பெல்லர் தள்ளிப் பறக்கும் ரேடியோ கட்டுப்பாட்டு (ஆர்.சி.) மாடல். உண்மையான ஜெட் எஞ்சினும் இல்லை, குழாய்க்குள் சுழலும் விசிறியும் இல்லை. இந்த எடையில் குழாய் விசிறி அதிக மின்சாரம் குடித்துக் குறைவாகத் தள்ளும். கையால் எறிந்து கிளப்பும்போது அந்தக் குறை நேராகத் தெரியும். 6 அங்குல ப்ரொப்பெல்லர் விமானத்தின் எடையைவிட அதிக உந்துவிசை தரும்.

அளவுகள்: இறக்கை அகலம் 700 மி.மீ., மொத்த நீளம் 900 மி.மீ., இறக்கைப் பரப்பு சுமார் 26 சதுர டெசிமீட்டர். பறக்கும் எடை 480 முதல் 560 கிராம். இந்த எடைக்குள் நின்றால் சாதாரண விளையாட்டு மைதானத்தில் நிதானமாகப் பறக்கும். 700 கிராமைத் தாண்டினாலும் பறக்கும், ஆனால் வேகமாக மட்டுமே பறக்கும், வேகமாகத்தான் தரையிறங்கும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் சமையலறைத் தராசு பக்கத்தில் இருக்கட்டும்.

போர்டு தேர்வு

வேண்டியது 5 மி.மீ. தடிமனில், இருபுறமும் காகிதம் ஒட்டிய பாலிஸ்டைரீன் நுரைத் தாள். 20 × 30 அங்குலம், அதாவது 508 × 762 மி.மீ. தாள் இரண்டு போதும். தவறுக்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள். கடையிலேயே எடை பாருங்கள். நல்ல தாள் 110 முதல் 130 கிராம். அதே அளவில் 200 கிராமுக்கு மேல் இருந்தால் காகிதம் தடிமனானது; கைவினைப் பொருளுக்குச் சரி, விமானத்துக்கு வேண்டாம். சன்போர்டு என்ற பெயரில் விளம்பரப் பலகைக் கடைகளில் தரும் பி.வி.சி. நுரைத் தகடு வேறு பொருள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது, எடை பல மடங்கு. அதில் இந்த வரைபடத்தை வெட்டினால் மைதானத்தை விட்டு எழும்பாது.

காகிதம் இல்லாத 6 மி.மீ. டெப்ரான் என்ற நுரைத் தாள் கிடைத்தால் இன்னும் இலகு. ஆனால் காகிதமே விறைப்பையும் கீலையும் தருகிறது என்பதால், டெப்ரானில் கட்டும்போது எலவானுக்கு (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்) டேப் கீல் போட வேண்டும், இறக்கை முன்விளிம்பிலும் டேப் ஓட்ட வேண்டும்.

மின் பாகங்கள்

- 2212 அளவு, 2200 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) பிரஷ்லெஸ் மோட்டார், சிலுவை மவுண்ட்டுடன்
- 6 × 4 (அங்குலத்தில் விட்டம் × பிட்ச்) ப்ரொப்பெல்லர் நான்கு (உடையும்)
- 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் தரும் பி.இ.சி. உள்ளது
- 3 எஸ் (மூன்று செல்) 1300 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி, மின்னோட்டம் தரும் திறன் 25 சி அல்லது அதற்கு மேல், சுமார் 110 கிராம்
- 9 கிராம் சர்வோ இரண்டு; உலோகப் பல்சக்கரம் உள்ளது நல்லது
- எலவான் மிக்ஸிங் (ஏற்ற இறக்கத்தையும் உருளலையும் ஒரே மடலில் கலப்பது) வசதியுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர்
- 4 மி.மீ. கார்பன் குழாய் 600 மி.மீ. நீளம்
- 3 மி.மீ. பிளைவுட் துண்டு, 1.5 மி.மீ. எஃகுக் கம்பி, கண்ட்ரோல் ஹார்ன் (எலவானில் ஒட்டும், கம்பி மாட்டும் கொம்பு) இரண்டு, வெல்க்ரோ

2200 கே.வி. மோட்டாரில் 8 அங்குல ப்ரொப்பெல்லர் மாட்டக் கூடாது. 3 எஸ் பேட்டரியில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 24,000 சுற்றுக்கு மேல் போகும் மோட்டார் அது. பெரிய ப்ரொப்பெல்லர் அந்த வேகத்தை எட்ட முடியாமல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே போகும். முதலில் மோட்டார் சுருள் கருகும், இல்லையென்றால் இ.எஸ்.சி. போகும்.

பசைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபெவிக்விக் போன்ற சாதாரண உடனடிப் பசையும், கரைப்பான் கலந்த ரப்பர் பசையும் நுரையைக் கரைத்துவிடும். பெரும்பாலான இணைப்புகளுக்கு ஹாட் க்ளூ. மோட்டார் தட்டுக்கு 5 நிமிட எபாக்ஸி. தண்ணீர் கலந்த வெள்ளை ஃபெவிகால் நுரையைத் தொடாது, ஆனால் இரண்டு காகிதப் பரப்புகளுக்கு நடுவே உலர ஓர் இரவு ஆகும்.

வெட்டும் வரைபடம்

பாதி இறக்கையின் வடிவம்: நடுக்கோட்டில் நீளம் 620 மி.மீ., நுனியில் 120 மி.மீ., அகலம் 350 மி.மீ. பின்விளிம்பு நேர்கோடு, முன்விளிம்பு மட்டும் சாய்வு. ஒரு பாதியை வரைந்து, இன்னொரு பாதியை 180 டிகிரி திருப்பிப் பக்கத்தில் வைத்தால் இரண்டு சாய்வுகளும் ஒன்றோடொன்று பொருந்தும். 620 + 120 = 740 மி.மீ.; தாள் 762. ஆக இரண்டு பாதியும் ஒரே தாளில் 350 மி.மீ. அகலத்துக்குள் அடங்கும். மிச்சம் 158 மி.மீ. பட்டை. அதில் உடற்பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்கள், ஒவ்வொன்றும் 760 × 55 மி.மீ.

இரண்டாம் தாளில்: பெட்டியின் மேல்தட்டு 760 × 70, மூக்கின் அடித்தட்டு 205 × 70, உள்ளே ஒட்டும் வலுப்பட்டை 400 × 60, செங்குத்து வால் ஒன்று (அடி 200, உச்சி 80, உயரம் 170), வயிற்றுத் துடுப்புக்கு 150 × 60 துண்டுகள் நான்கு, பெட்டிக்குள் நிற்கும் குறுக்குத் தடுப்புகள் 60 × 50 அளவில் இரண்டு. மூக்கின் முன்னால் வரும் 75 மி.மீ. துண்டைப் பேக்கிங் தெர்மாகோலில் செதுக்கிக்கொள்ளலாம். மோதும்போது முதலில் நசுங்க வேண்டியது அதுதான்; பேட்டரி பிழைக்கும்.

புது பிளேடு போடுங்கள். மழுங்கிய பிளேடு நுரையை அறுக்காது, பிய்க்கும். ஒரே அழுத்தில் முழுவதும் வெட்ட முயலாமல் முதல் ஓட்டத்தில் மேல் காகிதம், இரண்டாவதில் நுரை, மூன்றாவதில் அடிக் காகிதம் என்று போனால் விளிம்பு சுத்தமாக வரும். பத்துப் பதினைந்து நீள வெட்டுகளுக்கு ஒருமுறை பிளேடு நுனியை ஒடித்துவிடுங்கள்.

இறக்கை

இரண்டு பாதிகளில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் இடமும் வலமும் கிடைக்கும். ஒட்டும் முன்பே பின்விளிம்பின் நடுவில் ப்ரொப்பெல்லருக்கான வெட்டை வரையுங்கள்: மொத்த அகலம் 170, ஆழம் 50 மி.மீ. 6 அங்குல ப்ரொப்பெல்லரின் விட்டம் 152 மி.மீ.; இருபக்கமும் 9 மி.மீ. இடைவெளி நிற்கும். இதைக் குறைக்காதீர்கள். பறக்கையில் நுரை வளையும். உரசினால் ப்ரொப்பெல்லர் இறக்கையையே தின்றுவிடும்.

சமமான மேசையில் பாதிகளைச் சேர்த்து, அடியில் பேக்கிங் டேப் ஓட்டி, கீலைப்போலத் திறந்து, விளிம்பில் ஹாட் க்ளூ விட்டு மூடுங்கள். கசிந்த பசையை ஒரு அட்டைத் துண்டால் வழித்துவிடுங்கள். மேலேயும் டேப்.

கார்பன் குழாய் இறக்கையின் முன்முனையிலிருந்து 440 மி.மீ. தூரத்தில், குறுக்கே போகிறது. அங்கே இறக்கை அகலம் 616 மி.மீ. என்பதால் 600 மி.மீ. குழாய் கச்சிதமாக உட்காரும். அடிப்பக்கக் காகிதத்தையும் நுரையையும் மட்டும் 4 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எடுத்து, மேல் காகிதத்தை விட்டுவிடுங்கள். குழாயை எபாக்ஸியில் பதித்து மேலே டேப். இது காயும்வரை இறக்கை மீது புத்தகங்களை அடுக்கிவையுங்கள். இந்தக் கட்டத்தில் முறுக்கு ஏறினால் பிறகு எந்த டிரிம்மும் (டிரான்ஸ்மிட்டரில் செய்யும் சிறு திருத்தம்) அதை முழுதாகச் சரிசெய்யாது. காய்ந்ததும் பின்னாலிருந்து கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நுனிகளும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும்.

எலவான்: ஒவ்வொரு பக்கமும் நடுக்கோட்டிலிருந்து 105 மி.மீ. தள்ளித் தொடங்கி 345 வரை, ஆழம் 70 மி.மீ. இரண்டு ஓரங்களையும் முழுவதும் வெட்டி, கீல் கோட்டில் அடிக் காகிதத்தையும் நுரையையும் மட்டும் அறுங்கள். மேல் காகிதம் கீலாக நிற்கும். மேல்நோக்கி மடித்து, நுரையின் விளிம்பை 45 டிகிரி சாய்த்துச் சீவி எடுத்தால் எலவான் கீழேயும் இறங்கும். மடிப்புக்குள் ஹாட் க்ளூவை மெல்லிய படலமாகத் தடவி, சூடாக இருக்கும்போதே வழித்தெடுங்கள். வெறும் காகிதக் கீல் சில வாரங்களில் கிழியும். பசைப் படலம் இருந்தால் நீண்ட காலம் தாங்கும்.

சறுக்கி வேகமெடுக்கும்போது எலவான் படபடவென்று அதிர்ந்தால் காரணம் பெரும்பாலும் எலவானின் தளர்வுதான். எலவானின் மேல்பரப்பில் நீளவாக்கில் ஒரு மூங்கில் குச்சி பதித்து டேப் ஓட்டுவது 5 நிமிட வேலை, 3 கிராம் எடை. செய்துவிடுங்கள்.

உடற்பெட்டி

பக்கச் சுவர்கள் இறக்கையின் மேல் நிற்கும். வெளிப்புற அகலம் 70 மி.மீ. பின்முனை இறக்கை முன்முனையிலிருந்து 555 மி.மீ. தூரத்தில் முடியும், முன்னால் 205 மி.மீ. வெளியே நீளும். மூக்கின் அடித்தட்டும் இறக்கையும் சேரும் கோடுதான் இந்த விமானத்தின் பலவீனமான இடம். மூக்கு ஒடிந்து வரும் விமானங்கள் அங்கேதான் ஒடிகின்றன. அதனால் 400 மி.மீ. வலுப்பட்டையைப் பெட்டிக்குள், மூக்கின் நுனியிலிருந்து இறக்கையின் மீது 195 மி.மீ. வரை படரும்படி ஒட்டுகிறோம். அடியில் ஃபைபர் டேப் ஒரு பட்டை.

குறுக்குத் தடுப்புகளை பேட்டரி அறைக்குப் பின்னால் ஒன்றும், கார்பன் குழாய்க்கு மேலே ஒன்றும் நிறுத்துங்கள். கம்பிகள் போக ஓட்டை விடுங்கள். மேல்தட்டில் முன் 265 மி.மீ. தனியாக வெட்டி மூடியாக வையுங்கள். முன்னால் குச்சி செருகி, பின்னால் சிறு காந்தம் அல்லது டேப்.

இ.எஸ்.சி. மூடிய பெட்டிக்குள் வேகும். மூக்கின் கீழ் 20 × 30 மி.மீ. காற்று நுழைவாயில், பின்சுவரின் மேல்பகுதியில் அதைவிடப் பெரிய வெளியேறும் துளை. நுழைவாயிலைவிட வெளிவாயில் சிறிதாக இருந்தால் காற்று ஓடாது.

மோட்டார் தட்டு 60 × 55 மி.மீ. பிளைவுட், பெட்டியின் பின்வாயில், எபாக்ஸியில். தண்டின் மையம் இறக்கையின் மேல்பரப்பிலிருந்து 25 மி.மீ. உயரம். ப்ரொப்பெல்லர் இறக்கைக்குக் கீழே சுமார் 50 மி.மீ. இறங்கும். அதைக் காக்கத்தான் 60 மி.மீ. வயிற்றுத் துடுப்புகள்: இரண்டிரண்டு துண்டுகளை ஒட்டி 10 மி.மீ. தடிமனாக்கி, வெட்டின் இரு ஓரங்களிலும், பின்விளிம்போடு சமமாக ஒட்டுங்கள். தரையிறங்கும்போது மண்ணை முதலில் தொடுவது இவை.

உந்துகோடு (ப்ரொப்பெல்லர் தள்ளும் நேர்கோடு) எடைமையத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் வேகம் கூட்டும்போது மூக்கு தாழும். ப்ரொப்பெல்லர் பக்கம் 2 டிகிரி மேல்நோக்கி இருக்கும்படி மோட்டாரைச் சாய்த்தால் உந்துகோடு எடைமையத்துக்கு அருகே போகும். மவுண்ட்டின் கீழ்ப்பக்க இரண்டு திருகுகளிலும், மவுண்ட்டுக்கும் தட்டுக்கும் நடுவே, ஒரு வாஷர் செருகினாலே ஏறக்குறைய அந்தக் கோணம் வந்துவிடும்.

செங்குத்து வாலைப் பெட்டியின் மேல்தட்டில், இறக்கை முன்முனையிலிருந்து 350 முதல் 550 மி.மீ. வரை, துளையிட்டுச் செருகி ஒட்டுங்கள். மட்டப்பலகை வைத்து நேர்செங்குத்தாக.

ப்ரொப்பெல்லர் மாட்டும் திசை

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. ப்ரொப்பெல்லரில் எழுத்து பொறித்த முகம் எப்போதும் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்தாலும் பின்னாலிருந்தாலும் இதே விதி. பின்பக்க மோட்டாரில் எழுத்து மோட்டாரை நோக்கி இருக்கும். தவறாக மாட்டினாலும் காற்று தள்ளும், ஆனால் உந்துவிசை வெகுவாகக் குறையும். எறிந்த விமானம் சோர்ந்து விழும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும்.

இப்படி மாட்டும்போது சாதாரண ப்ரொப்பெல்லர் தன் நட்டைத் தளர்த்தும் திசையில் சுற்றும். முன்பக்க மோட்டாரில் சுழற்சியே நட்டை இறுக்கும், இங்கே நேர்மாறு. நைலான் பதித்த நட்டு அல்லது திரெட் லாக்கர் (மரையைப் பிடித்துக்கொள்ளும் பசை) கட்டாயம். ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் இறுக்கிப் பாருங்கள்.

சர்வோவும் மிக்ஸிங்கும்

சர்வோக்களை இறக்கையில் கீல் கோட்டுக்கு முன்னால், எலவானின் நடுவுக்கு நேராக, மேல்பக்கத்தில் பதியுங்கள். ஆர்ம் மாட்டுவதற்கு முன் ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்து சர்வோவை நடுவில் நிறுத்துங்கள். ஹார்னின் துளைகள் கீல் கோட்டுக்கு நேர்மேலே வர வேண்டும்; தள்ளி இருந்தால் மேலே போகும் அளவும் கீழே போகும் அளவும் வேறுபடும். சர்வோ ஆர்மில் உள்துளை, ஹார்னில் வெளித்துளை: அசைவு குறையும், பிடி கூடும்.

ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற டிரான்ஸ்மிட்டர்களில் எலவான் மெனுவை இயக்கினால் சேனல் 1, 2 இரண்டும் கலந்துவிடும். பிறகு பின்னால் நின்று சோதியுங்கள். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் இரண்டு எலவானும் மேலே. வலப்பக்கம் தள்ளினால் வல எலவான் மேலே, இடது கீழே. ஒன்று மட்டும் தவறாகப் போனால் அந்த சேனலை ரிவர்ஸ் செய்யுங்கள்.

தட்டையான டெல்டா இறக்கைக்குத் தானாக மூக்கைத் தூக்கும் தன்மை இல்லை. ஆகவே ஸ்டிக் நடுவில் இருக்கும்போதே இரண்டு எலவானும் பின்விளிம்பில் 3 மி.மீ. மேலே நிற்க வேண்டும். இதைக் கம்பி நீளத்தில் சரிசெய்யுங்கள், டிரிம்மில் அல்ல. அசைவு: மூக்கு ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் 12 மி.மீ., உருளலுக்கு 15 மி.மீ., எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம்.

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு இ.எஸ்.சி. காலிபரேட் செய்யுங்கள்: த்ராட்டில் முழுவதும் மேலே, பேட்டரி இணைப்பு, பீப் ஒலி, த்ராட்டில் முழுவதும் கீழே. ஃபெயில்சேஃபில் (சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) மோட்டார் நிற்கும்படி வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள்.

எடைமையம்

மற்ற எல்லாம் சுமாராக இருந்தும் இது சரியாக இருந்தால் விமானம் பறக்கும். இது தவறினால் மற்ற எதுவும் காப்பாற்றாது.

இறக்கையின் சராசரி நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான நீளம்) 426 மி.மீ.; அது முன்முனையிலிருந்து 194 மி.மீ. தூரத்தில் தொடங்குகிறது. அதன் 25 சதவீதம், அதாவது முன்முனையிலிருந்து 300 மி.மீ., தூக்குவிசை சமநிலைப்படும் இடம். எடைமையம் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். முதல் பறப்புக்கு 260 மி.மீ. என்று வையுங்கள். பழகிய பிறகு 270 வரை தள்ளலாம். 280ஐத் தாண்டாதீர்கள், மூக்கும் தன் பங்குக்குத் தூக்கும் என்பதால் அந்த இடைவெளி தேவை.

இறக்கையின் அடியில், 260 மி.மீ. கோட்டில், நடுவிலிருந்து இருபுறமும் 60 மி.மீ. தள்ளிக் குறியிட்டு விரல்நுனிகளில் தூக்குங்கள். பேட்டரியும் மூடியும் மாட்டிய நிலையில் மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். மோட்டார் கடைசியில் இருப்பதால் பேட்டரி முன்னால் போகத்தான் செய்யும். 1300 பேட்டரியின் நடு, இறக்கை முன்முனைக்கு முன்னால் சுமார் 100 மி.மீ. அளவில் வரும். இ.எஸ்.சி.யையும் ரிசீவரையும் முன்னாலேயே வைத்தால் ஈயம் சேர்க்க வேண்டியதில்லை. கிடைத்த இடத்தில் வெல்க்ரோ ஒட்டிப் பேட்டரியின் ஓரத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள்.

நிறம்

அழகுக்கு மட்டும் இல்லை. 50 மீட்டர் தூரத்தில் டெல்டா ஒரு முக்கோண நிழல். வருகிறதா போகிறதா, நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று தெரியாது. மேலே வெளிர்நிறம், அடியில் அடர்நிறப் பட்டைகள், ஒரு இறக்கை நுனி மட்டும் வேறு நிறம். ஸ்ப்ரே பெயின்ட்டில் உள்ள கரைப்பான் வெட்டிய விளிம்பின் நுரையை அரிக்கும். முதலில் விளிம்புகளில் டேப் ஓட்டுங்கள், அல்லது நிற டேப்பே போதும். முன்விளிம்பிலும் அடிப்பக்கத்திலும் பேக்கிங் டேப் இருந்தால் பனி படிந்த புல்லில் காகிதம் உரியாது. கறுப்பு வேண்டாம்: வெயிலில் சூடேறி ஹாட் க்ளூ இளகும்.

முதல் பறப்பு

இந்தியாவில் பறப்பவர்கள், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் அதிகபட்சம் 120 மீட்டர் உயரம்வரை. விமான நிலையங்கள் போன்ற இடங்களைச் சுற்றியுள்ள மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. ஆளில்லாத, புல் உள்ள திறந்தவெளி, காலையில் காற்று எழும் முன்.

எறிய இன்னொருவர் இருந்தால் நல்லது. ஸ்டிக்கில் இரண்டு கையும் இருக்கும். எறிபவர் பெட்டியை நடுப்பகுதியில், ப்ரொப்பெல்லருக்கு வெகு முன்னால் பிடிக்க வேண்டும். முக்கால் த்ராட்டில், காற்றுக்கு எதிராக, மூக்கு 10 டிகிரி மேலே, நேராகவும் பலமாகவும் ஒரே தள்ளு. காற்றோட்டம் எலவானைத் தொடும்வரை கட்டுப்பாடு வராது என்பதால் மெல்ல எறிவது ஆபத்து. மோட்டாரின் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் உருட்டும். வலப்பக்கம் ஸ்டிக் தரத் தயாராக இருங்கள்.

கைவிட்ட உடனே மூக்கைத் தூக்கித் தூக்கி அலைந்தால் எடைமையம் பின்னால் இருக்கிறது. இறக்கி 10 மி.மீ. முன்னால் நகர்த்துங்கள், ஸ்டிக்கால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நேராக மண்ணை நோக்கிப் போனால் எலவானின் 3 மி.மீ. உயர்வு போதவில்லை. த்ராட்டில் கூட்டும்போது மட்டும் மூக்கு தாழ்ந்தால் மோட்டார் கோணத்தை ஒரு டிகிரி கூட்டுங்கள். ஒரு பக்கமாகவே உருண்டால் இறக்கை முறுக்கைப் பாருங்கள்.

டெல்டா சாதாரண இறக்கையைப்போலத் திடீரெனக் கவிழாது. வேகம் குறைந்தால் மூக்கை உயர்த்தியபடியே கீழே அமுங்கும். அந்த நேரத்தில் இன்னும் இழுத்தால் இன்னும் அமுங்கும். மீள வழி த்ராட்டில்தான். தரையிறங்க, நீண்ட தாழ்வான பாதையில் கால் த்ராட்டிலில் வந்து, இடுப்பளவு உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, மெல்ல இழுத்துக்கொண்டே வயிற்றில் அமர்த்துங்கள்.

வேகமாகவும் மெதுவாகவும் கலந்து பறந்தால் 1300 பேட்டரிக்கு 5 நிமிடம். டைமரை 4 நிமிடத்துக்கு வையுங்கள். செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட்டில் அலறும் சிறு அலாரம் மாட்டினால் இன்னும் நல்லது. சார்ஜ் 1.3 ஆம்பியரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. வாரக்கணக்கில் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில்.